ஆங்கிலம் அறிவோம்: 'மயக்கம்' தரும் ஒரு வினைச்சொல்



வயதான பெற்றோரை வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்று மொழிபெயர்க்கும் பொறுப்பு எம்மில் பலருக்கு உண்டு. சத்திரசிகிச்சைக்கு முன் வைத்தியர் கேட்பார்: "ஹாவ் ஷீ எவர்" என்றல்ல, "ஹாஸ் ஷீ எவர் பீன் அனீஸ்ததைஸ்ட்?" இதை, "அம்மா, முன்பு மயக்கம் வந்ததா?" என்று கேட்டால் அவர் "இல்லை" என்பார். முன்னொரு முறை மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாமல் போன விடயம் மறைந்துவிடும். "முன்பு மயக்க மருந்து தந்தார்களா? ஏதும் செய்ததா?" என்றே கேட்கவேண்டும். தலைசுற்றி விழுவது 'ஃபெயின்ற்'. மருந்தால் உணர்விழக்கச் செய்வது 'அனீஸ்ததைஸ்'.

சொல்லின் பிறப்பு

1846 ஒக்டோபர் 16 அன்று அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் வில்லியம் மோர்ட்டன் என்ற பல் வைத்தியர், ஈதர் ஆவியால் வலி தெரியாமற் செய்யலாம் எனச் சத்திரசிகிச்சை ஒன்றின்போது காட்டினார். அடுத்த மாதம் ஒலிவர் வென்டல் ஹோம்ஸ் என்ற வைத்தியர் அந்நிலைக்கு 'அனஸ்தீசியா' என்ற பெயரை முன்மொழிந்தார். கிரேக்கத்தில் 'அன்' என்பது இன்மை. 'ஐஸ்தேசிஸ்' என்பது உணர்வு. எனவே இதன் மூலப்பொருள் உறக்கம் அன்று, உணர்வின்மை.

கவனிக்க வேண்டியவை

1. தமிழில் 'அம்மாவுக்கு' என்பதால் ஆங்கிலத்திலும் 'ரு' சேர்ப்பது தவறு. "தே அனீஸ்ததைஸ்ட் மை மதர்" என்பதே சரி.

2. "ஐ அனீஸ்ததைஸ்ட்" என்றால் மருந்து கொடுத்தவர் நீங்கள்! நோயாளி, "ஐ வோஸ் அனீஸ்ததைஸ்ட்" என்று சொல்லவேண்டும்.

3. மருந்து 'அனஸ்தெற்றிக்'. பிரித்தானியாவில் அதைக் கொடுக்கும் வைத்தியர் 'அனீஸ்தெற்றிஸ்ற்', அமெரிக்காவில் 'அனஸ்தீசியோலொஜிஸ்ற்'.

4. பல் பிடுங்குமுன் முரசை மட்டும் விறைக்கச் செய்வதற்கு 'நம்' என்ற எளிய வினை போதும்: "த டென்ரிஸ்ற் நம்ட் மை கம்". ஆனால் "மை ஆர்ம் வென்ற் நம்" என்றால் கை தானாக விறைத்தது என்று பொருள். அது பாரிசவாதத்தின் அறிகுறியாகவும் இருக்கலாம். வைத்தியர் உடனே கவனிப்பார்.

5. 'புட் ரு ஸ்லீப்' என்று மனிதருக்குப் பேச்சுவழக்கில் சொல்வதுண்டு. மிருக வைத்தியரிடம் சொன்னால், நாயைக் கருணைக்கொலை செய்யக் கேட்பதாகவே அவர் கொள்வார்!

பயிற்சி

ஆங்கிலத்தில் சொல்க: "அப்பாவுக்கு நேற்று மயக்க மருந்து கொடுத்தார்கள்."

விடை: "மை ஃபாதர் வோஸ் அனீஸ்ததைஸ்ட் யெஸ்ரர்டே."