சைலன்சர் திருடு போனா இன்சூரன்ஸ் கை கொடுக்குமா?

குஜராத், மகாராஷ்டிராவுல ஈகோ வண்டிகளோட சைலன்சரை மட்டும் கழட்டிட்டுப் போன செய்திகளைப் பார்த்திருப்பீங்க. காரணம், உள்ளே இருக்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். அதுல பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கு.

1. ராத்திரியில வெளிச்சமான இடத்துல, சுவரை ஒட்டி நிறுத்துங்க. மெக்கானிக்கிட்ட சொல்லி அடியில இரும்புத் தகடு மாட்டலாம்.

2. இன்னைக்கே பாலிசியை எடுத்துப் பாருங்க. தேர்ட் பார்ட்டி மட்டும்னா ஒரு ரூபாய்கூட வராது. காம்ப்ரிஹென்சிவ்னா க்ளெய்ம் பண்ணலாம். ஆனா 4 வருஷம் தாண்டின காருக்கு உலோகப் பாகங்கள்ல குறைஞ்சது 35% தேய்மானம் கழிப்பாங்க. ஜீரோ டெப் இருந்தா அது மிச்சம்.

3. திருடு போனா முதல்ல போலீஸ் புகார், அடுத்து இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல். அப்புறம்தான் ரிப்பேர்.

க்ளெய்ம் பண்ணினா, 50% வரை சேர்ந்த நோ க்ளெய்ம் போனஸ் பூஜ்ஜியமாகிடும். கைக்கு வர்றது எவ்வளவு, போறது எவ்வளவுன்னு கணக்குப் போட்டுட்டு முடிவெடுங்க!