மழைக்காலக் கைவேலை: மரத்தில் நுண் அறுப்பு

மழை இறங்கிவிட்டால் பாவைத் தெருவில் விரித்துக் கஞ்சி பூச இயலாது. கையிருப்பிலுள்ள பாவு தீர்ந்ததும் தறி நின்றுவிடும். ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டும் தடைப்படும். குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் உண்டு. ஆகையால் கை சும்மா இருக்கும் நாட்கள் நம் அங்கத்தினர்களுக்குப் பிற மாவட்டத்தாரைவிடச் சற்று அதிகமே. அந்நாட்களுக்கு ஏற்ற ஒரு கைவேலையை இங்கு விளக்க முற்படுகிறேன்.

மெல்லிய பலகையில் பூ, கொடி, பறவை, எழுத்து முதலிய உருவங்களை நூல் போன்ற அலகுடைய ரம்பத்தால் அறுத்தெடுப்பதே இவ்வேலை. கையால் இயக்கும் கருவிக்கு பிரெட் சா என்றும், மின்விசையால் ஓடுவதற்கு ஸ்க்ரோல் சா என்றும் பெயர். பொற்கொல்லர் உலோகத் தகட்டில் உருவம் அறுக்கும் சிறு வில் ரம்பமும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான். கோயில் நகைகளுக்குப் பேர்பெற்ற வடசேரியில் இதைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை.

பத்மநாபபுரம் அரண்மனைக்குச் சென்றோர் பூமுகத்தின் மர விதானத்தில் 90 வகை மலர்களைக் கண்டிருப்பர். அது உளியின் வேலை. மரத்தின் ஆழத்தில் குடைந்து, மேடும் பள்ளமும் காட்டி உருவாக்குவது செதுக்கு. நாம் பேசும் அறுப்பிலோ ஆழம் கிடையாது. இருப்பும் இன்மையும் மட்டுமே உண்டு. மரம் நிற்குமிடம் உருவம், மரம் போனவிடம் வெளி. ஆசாரியின் கைத்திறன் வாய்க்கப் பல ஆண்டுகள் வேண்டும்; இவ்வேலையோ, கோட்டின்மேல் பொறுமையாகக் கையை நடத்தத் தெரிந்தவர்க்குச் சில வாரங்களில் கைகூடும். நெசவாளிக்கு அந்தப் பொறுமையைக் கற்பிக்க வேண்டியதில்லை.

நம் நாட்டில் இக்கருவி பிழைப்புத் தொழிலாக வேரூன்றிய இடங்களில் மைசூர் முக்கியமானது. அங்கே ஈட்டி மரப் பலகையில், பல நிற மரங்களை நுண் ரம்பத்தால் அறுத்துப் பதித்துச் சித்திரம் அமைக்கிறார்கள். முற்காலத்தில் தந்தமும் பதித்தனர். தந்த வாணிபம் இன்று சட்டப்படி தடைசெய்யப்பட்டுள்ளது. பிரான்சு நாட்டில் ஆந்த்ரே சார்ல் பூல் (1642–1732) என்ற கைவினைஞர் ஆமையோட்டையும் பித்தளைத் தகட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒரே அறுப்பில் அறுத்து, ஒன்றின் பள்ளத்தில் மற்றொன்றைப் பொருத்தும் முறையால் பெரும்புகழ் பெற்றார். இரண்டையும் ஒரே அலகு ஒரே கோட்டில் அறுப்பதால் ஒன்று மற்றதில் இசைந்து பொருந்துகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேனாடுகளில் காலால் மிதித்து ஓட்டும் ரம்பங்கள் வீடுகளுக்கு வந்தன. காலால் மிதித்துக் கையால் வழிநடத்தும் அவ்வேலை தறிக்குழியில் உட்கார்ந்து பழகியவர்களுக்குப் புதிதாகத் தோன்றாது.

இனிக் கருவிகள். கை ரம்பத்தின் சட்டம் வில் போல் வளைந்து ஆழமாக இருக்கும். 12 அங்குல ஆழமுள்ளது போதும். அலகின் நீளம் ஏறத்தாழ 5 அங்குலம். அலகுகள் டஜன் கணக்கில் விற்கப்படும். ஒன்றிரண்டு மட்டும் வாங்குவது வீண், ஏனெனில் அவை முறியும். முதல் நாள் நான் முறித்தவற்றின் எண்ணிக்கையை எழுதக் கூச்சமாக இருக்கிறது. அலகின் எண் கூடக் கூட அதன் தடிப்பும் கூடும். 3 முதல் 6 மி.மீ. வரையுள்ள பலகைக்கு 1 அல்லது 2-ஆம் எண்ணும், அரை அங்குலப் பலகைக்கு 5-ஆம் எண்ணும் பொருந்தும். பற்கள் கீழ்நோக்கி இருக்குமாறு மாட்டவேண்டும். தலைகீழாக மாட்டினால் பலகை மேலும் கீழும் துள்ளும். அலகைப் போதிய இறுக்கத்தில் பூட்டி விரலால் மீட்டிப் பாருங்கள். தந்தி போலத் தெளிவாக ஒலித்தால் இறுக்கம் சரி. மந்தமாக ஒலித்தால் தளர்வு.

இவற்றுடன் மேசை விளிம்பில் பொருத்த மீன்வால் போல் வெட்டிய ஒரு பலகை, அதைப் பிடித்துவைக்க இரண்டு கிளாம்புகள், துளையிட ஒரு கை டிரில், சிறு அரங்கள், உப்புத்தாள் ஆகியவை இருந்தால் போதுமானது. அறுக்குமிடம் மீன்வாலின் பிளவுக்குள் வருமாறு பலகையை வைத்தால் இருபுறமும் தாங்கல் கிடைக்கும்.

மின் ரம்பத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். 16 அங்குல ஆழமுள்ள சாதாரண இயந்திரத்தில் அலகு நிமிடத்துக்கு 400 முதல் 1600 முறை ஏறியிறங்கும். வேகத்தைக் குறைத்துக் கூட்டலாம். தடித்த பலகைகளுக்கு அது மிகவும் உதவும். ஆனால் இந்த வேலைக்காகக் கடன் வாங்கி இயந்திரம் வாங்குவது கூடாது என்பதே என் உறுதியான கருத்து. லேசர் கருவியால் அறுத்த பெயர்ப்பலகைகள் இன்று கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. விலையில் அவற்றோடு நாம் போட்டியிட முடியாது. ஓராண்டு கை ரம்பத்தில் பழகியபின்னும் ஆர்வம் குன்றாத நான்கு குடும்பத்தார் பணம் சேர்த்து ஓர் இயந்திரம் வாங்கட்டும்; அது வேறு.

மரத்துக்கு நாம் வெளியே போக வேண்டியதில்லை. பலா மரம் புதிதில் மஞ்சளாயிருந்து, வெளிச்சம் பட்டுக் காலப்போக்கில் பழுப்பாக மாறும். வண்ணம் பூசாமலே அழகு. அயனியும் பூவரசும் நல்லவை. தேக்கு நெடுநாள் உழைக்கும். ஆனால் அதிலுள்ள மணற்சத்து அலகின் கூரைச் சீக்கிரம் மழுக்கும், எண்ணெய்ப் பசையினால் ஒட்டும் கடினம். நம் விவசாய அங்கத்தினர் பால் வற்றிய ரப்பர் மரங்களை முறித்து விற்கிறார்கள். அம்மரம் வெளிர் நிறம், அறுக்க எளிது. ஆனால் மாச்சத்து மிகுந்ததால் பூஞ்சையும் வண்டும் விரைவில் பிடிக்கும். அறுத்த உடனே போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் பதப்படுத்தி உலர்த்திய பலகையைத்தான் பயன்படுத்தவேண்டும். தோட்டத்திலிருந்து நேரே கொண்டுவந்த துண்டை நம்பக்கூடாது. ஒட்டுப்பலகையில் பயிலலாம்; மலிந்த ரகத்தில் உள்ளே வெற்றிடங்கள் இருக்கும். பழைய கதவு, கட்டில் துண்டுகளில் ஆணி மறைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்க.

வரைபடத்தைத் தாளில் எழுதிப் பலகையில் ஒட்டுவதற்குப் பாவுக்குக் காய்ச்சும் கஞ்சியே போதும். மிக மெல்லியதாகத் தடவவேண்டும், ஈரம் மிகுந்தால் பலகை கோணும். ஒவ்வொரு வெளியிலும் ஒரு துளையிட்டு, அலகின் ஒரு முனையைக் கழற்றித் துளைவழி நுழைத்து மீண்டும் பூட்டி அறுக்கவேண்டும். உள்வெளிகளை முதலிலும் சுற்றுவிளிம்பைக் கடைசியிலும் அறுப்பதே முறை. விளிம்பை முதலில் அறுத்துவிட்டால் பிடித்துக்கொள்ள இடமின்றி மெல்லிய பாகங்கள் ஒடியும். திருப்பங்களில் ரம்பத்தைத் திருப்பாமல், அதை நின்ற இடத்திலேயே மேலும் கீழும் இயக்கிக்கொண்டு பலகையைத் திருப்புக. அலகு பெரும்பாலும் ஒரு பக்கமாகச் சற்று இழுக்கும். அது அலகு செய்யப்பட்ட விதத்தால் வருவது. பழகுபவர் தம் கையில் குற்றமென்று வருந்துவர். பலகையைச் சிறிது சாய்த்துத் தள்ளினால் கோடு நேராகும்.

பெயர்ப்பலகை செய்ய விரும்புவோர்க்குத் தமிழ் எழுத்து ஒரு தனிப் பாடம். 'வடசேரி' என்பதைப் பலகையில் துளைத்தெடுத்தால் 'வ'வின் வயிற்றிலும் கொம்பின் சுழியிலும் உள்ள துண்டுகள் தாங்கலின்றி உதிர்ந்துவிடும். அவற்றைப் பிடித்துநிற்க மெல்லிய பாலங்கள் விட்டு வரையவேண்டும். எழுத்தையே உருவாக அறுத்தெடுத்தாலோ, கொம்பு தனியாகவும் மெய்யெழுத்தின் புள்ளி தனியாகவும் பிரிந்துபோகும். அப்போது பின்னால் ஒரு பலகை ஒட்டியே ஆகவேண்டும். பாலங்களை மரத்தின் நார் ஓடும் திசையிலேயே அமைக்கவேண்டும். குறுக்காக அமைந்த மெல்லிய பாலம் உப்புத்தாள் பட்டாலே முறிந்துவிடும்.

அங்கத்தினர்கள் மறவாது கவனிக்கவேண்டியது கையின் பாதுகாப்பு. அறுந்த இழையை முடிவதும் அச்சில் நூல் கோப்பதும் விரல் நுனியால் ஆகும் வேலைகள். நூல் போன்ற மெல்லிய அலகு என்று அலட்சியமாயிருந்தால், ஒரு வெட்டினால் ஒரு வாரக் கூலி போய்விடும். அலகுக்கு நேர் எதிரே விரலை வைக்காமல் இருபுறமும் வைத்து அழுத்துக. முறிந்த அலகு தெறிக்கும். கண்ணாடி அணிவது அவசியம்.

மரத்தூளை அற்பமாக எண்ணவேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-ஆம் ஆண்டு மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. பஞ்சுத்தூசியை ஏற்கெனவே சுவாசிக்கும் நமக்கு இரட்டிப்பு எச்சரிக்கை தேவை. முகக்கவசம் அணிந்து, திண்ணை போன்ற காற்றோட்டமுள்ள இடத்தில் அறுக்கவும். தூளை வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்கவும்.

பாவு விரித்துவைத்த அறையில் எக்காரணங் கொண்டும் அறுக்கலாகாது. ஈரமான பாவின்மேல் தேக்குத் தூள் படிந்தால் வெள்ளை நூலில் கறை ஏறும். கஞ்சியோடு ஒட்டிய அந்தத் தூளை உதறிப் போக்கவும் முடியாது.