கிரே என்றால் என்ன நிறம்?

ஏழாம் வகுப்புக்கு ஆங்கில நிறப் பெயர்களில் சிறு தேர்வு வைத்தேன். பெயருக்கு எதிரே அந்த நிறத்தைத் தீட்ட வேண்டும். ‘கிரே’வுக்கு எதிரே ஒரு மாணவி வெள்ளையில் லேசாக மஞ்சள் கலந்து தீட்டியிருந்தாள். தவறு போட்டேன்.

தாளை வாங்கியவள் நகரவில்லை.

“ஏன் கண்ணு?”

“கிரே துணி இப்படித்தானுங்க டீச்சர் இருக்கும். எங்கம்மா கம்பெனில பார்த்திருக்கேனுங்க.”

எனக்குச் சுருக்கென்றது. நானும் திருப்பூர்க்காரிதான். நிட்டிங் முடிந்து, பிளீச்சிங்கோ சாயமோ காணாத துணியைத்தான் இங்கே கிரே என்கிறோம். பருத்தியின் இயல்பான நிறமும் மெழுகும் போகாததால் அது பாலேட்டு நிறத்தில் இருக்கும். தினமும் காதில் விழும் சொல், ஒருநாளும் யோசித்ததில்லை.

அன்றிரவு அகராதிகளைப் புரட்டினேன். சாம்பல் நிறத்தைக் குறிக்கும் கிரே பழைய ஜெர்மானியச் சொல். ஜெர்மனில் ‘கிராவ்’, ஸ்வீடிஷில் ‘கிரோ’ என்று அதற்கு உறவுகள் உண்டு. ஜவுளித் தொழிலில் ‘கிரேஜ்’ என்று இன்னொரு சொல்லும் இருக்கிறது. அது பிரெஞ்சு வழியாக வந்தது. மூலம், ‘கிரெஜ்ஜோ’ என்ற இத்தாலியச் சொல். பக்குவப்படுத்தாதது, கச்சா என்று பொருள். கச்சாப் பட்டுக்கு வழங்கியது. இன்று கிரேஜ் துணி, கிரே துணி இரண்டும் ஒன்றுதான். அதாவது எங்கள் ஊர் கிரே நிறத்தைச் சொல்லவில்லை, துணி எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்கிறது.

மறுநாள் வகுப்பில் இதைச் சொல்லி, தமிழில் இப்படி ஏதும் உண்டா என்று கேட்டேன். ‘பச்சை’ வந்து விழுந்தது. பச்சைத் தண்ணீரிலும் பச்சைக் குழந்தையிலும் பச்சை நிறம் எங்கே இருக்கிறது? ஆங்கில ‘கிரீன்’ கூட, வளர்தலைக் குறிக்கும் ‘குரோ’, புல்லைக் குறிக்கும் ‘கிராஸ்’ ஆகியவற்றோடு ஒரே வேரில் முளைத்ததுதான். காயாத விறகையும் அனுபவமில்லாத ஆளையும் அவர்களும் கிரீன் என்கிறார்கள். (வழக்கமாகத் தூங்கும் கடைசி பெஞ்சு அன்று தூங்கவில்லை.)

பீகாரிலிருந்து வந்து சேர்ந்த மாணவன் ஒருவன், அதிகம் வாய் திறக்காதவன், எழுந்து நின்றான். சாயம் போடாத துணியைத் தன் வீட்டில் ‘கோரா’ என்பார்களாம்; எழுதாத தாளும் கோராதானாம். பலகையில் அதை எழுதி, பக்கத்தில் நம் பாட்டிமார் சொல்லும் ‘காடாத்துணி’யையும் எழுதினேன்.

பிறகு அந்த மாணவியின் தாளை வாங்கித் தவறை அடித்துவிட்டுச் சரி போட்டேன். பக்கத்திலேயே சாம்பல் நிறத்தையும் தீட்டச் சொன்னேன்.

“அப்ப ரெண்டு மார்க்குங்களா டீச்சர்?” என்றாள்.