முதலில் நிற்கட்டும், பிறகு ஓடட்டும்

அப்பா 1972இல் வாங்கிய அம்பாசிடர் மார்க் 2 இன்றும் எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறது. சிறுவயதில் வந்த போலியோவால் என் இடது கால் சூம்பிவிட்டது. கிளட்சுக்கு மட்டும் ஒரு கைப்பிடி செய்து, வலது காலை நம்பி அந்த வண்டியை ஓட்டிவந்தேன். ஐம்பது வயதைத் தாண்டியதும் வலது காலும் தளர்ந்தது. போலியோ வந்தவர்களுக்குப் பல ஆண்டுகள் கழித்துத் தசைகள் மீண்டும் வலுவிழப்பது உண்டு. வண்டியை விற்க மனம் வரவில்லை. முழுக்க முழுக்கக் கையால் ஓட்டும்படி மாற்றினேன். அதில் கற்றவை இவை.

பிரேக்கில் தொடங்குங்கள்

ஸ்டீயரிங்குக்கு அடியில் ஒரு லீவர். முன்னால் தள்ளினால் பிரேக், கீழே அழுத்தினால் ஆக்சிலேட்டர். முதல் சோதனையைக் காலி மைதானத்தில் செய்தோம். முழுப் பலத்தோடு தள்ளியும், நினைத்த இடத்தைத் தாண்டித்தான் வண்டி நின்றது. இந்தக் காலத்துக் கார்களில் பிரேக்குக்குப் பூஸ்டர் துணை நிற்கிறது. என் வண்டியில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், பூஸ்டர் கிடையாது. காலின் பலம் கைக்கு இல்லை.

"வண்டி ஓடுறது அப்புறம் இருக்கட்டுங்க. மொதல்ல நிக்கோணும்" என்றார் மெக்கானிக் அண்ணன். பிரேக் லைனில் தனியாக ஒரு வேக்கம் பூஸ்டரைச் சேர்த்தார். எஞ்சின் காற்றை உறிஞ்சும் மேனிஃபோல்டிலிருந்து அதற்கு வேக்கம் கிடைக்கிறது. ஆனால் மேட்டில் ஆக்சிலேட்டரை முழுதாகக் கொடுக்கும்போது வேக்கம் குறைந்துவிடும், எஞ்சின் அணைந்தால் அறவே நின்றுவிடும். ஆகவே ஒருவழி வால்வோடு ஒரு சிறு டேங்க்கையும் கட்டாயம் வையுங்கள். ஓரிரு முறை பிரேக் பிடிக்க அதில் இருப்பு இருக்கும். ஹேண்ட் பிரேக்கும் சிரமமில்லாமல் எட்ட வேண்டும்.

எந்தக் கைக்கு என்ன வேலை?

வலது கை லீவரில், இடது கை கியரில் என்றால் ஸ்டீயரிங்கைப் பிடிப்பது யார்? இந்தக் கேள்வியை வேலை தொடங்கும் முன்பே கேளுங்கள். என் லீவரை ஸ்டீயரிங் வளையத்துக்கு ஒட்டினாற்போல் வைத்தோம். உள்ளங்கை லீவரில் இருக்க, விரல்கள் வளையத்தை விடுவதில்லை. பழைய கிளட்ச் கைப்பிடிக்குப் பதிலாக, கியர் குமிழில் ஒரு சுவிட்ச். அதைத் தொட்டால் வேக்கமே கிளட்சை இழுக்கும். இது புது யோசனை அல்ல. 1950களிலேயே ஐரோப்பியக் கார்களில் சாக்ஸோமேட், மானுமாட்டிக் போன்ற தானியங்கிக் கிளட்சுகள் வந்துவிட்டன. கிளட்சுக்கு டேங்க் தனி, பிரேக்குக்குத் தனி. இரண்டையும் கலக்காதீர்கள்.

பழைய வண்டி தரும் வசதிகள்

அம்பாசிடரின் கியர் ஸ்டீயரிங் தண்டிலேயே இருப்பதால், கை ஒரு சாண் நகர்ந்தால் போதும். முன்னிருக்கை ஒரே பெஞ்சு. இடது கதவு வழியாக ஏறி அப்படியே நகர்ந்து ஓட்டுநர் பக்கம் வந்துவிடுவேன். பவர் ஸ்டீயரிங் தேடும் முன், முன்சக்கர மூட்டுகளுக்குக் கிரீஸ் அடித்து, டயர்களில் காற்றைச் சரியாக வைத்துப் பாருங்கள். என் தோள்வலி பாதி குறைந்தது அதில்தான்.

வலுவில்லாத கால்

தளர்ந்த கால் சறுக்கி பிரேக் பெடலுக்கு அடியில் சிக்கினால், லீவரைத் தள்ளியும் பயனில்லை. பெடல்களுக்கு முன் ஒரு தடுப்புத் தகடு வையுங்கள். இடுப்பில் வலு குறைந்தவர்கள் சீட் பெல்ட் இல்லாமல் வளைவுகளில் சரிந்துவிடுவார்கள். பெல்ட்டை உறுதியான இடத்தில் பிணைக்கச் சொல்லுங்கள்.

காகித வேலை

மாற்றும் முன்பே ஆர்.டி.ஓ. அனுமதி வாங்குங்கள். வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றி மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது. ஆர்.சி.யிலும் லைசென்ஸிலும் மாற்றம் பதிவாக வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள். 50 ஆண்டு தாண்டிய வண்டிக்கு 2021 விதிப்படி விண்டேஜ் பதிவு உண்டு. ஆனால் அதை எடுத்தால் அன்றாடம் ஓட்ட முடியாது. நான் சாதாரணப் பதிவையே புதுப்பித்துவருகிறேன்.

கழற்றக்கூடியதாகச் செய்யுங்கள்

பாடியில் புதிதாக ஓட்டை போடவேண்டாம், இருக்கும் போல்ட் துளைகளே போதும் என்று பட்டறையில் சொல்லிவிட்டேன். கழற்றிய பாகங்களைத் துடைத்து, எண்ணெய் பூசி வைத்திருக்கிறேன். லீவரைப் பெடலோடு இணைக்கும் கம்பியில் ஒரே ஒரு பின். அதை உருவி, தடுப்புத் தகட்டையும் எடுத்துவிட்டால் மகள் வழக்கம்போல் காலால் ஓட்டுவாள்.

கடைசியாக ஒன்று. இரண்டு வாரம் மைதானத்தை விட்டு வெளியே வராதீர்கள். ஓட்டிப் பழகுவதைவிட நிறுத்திப் பழகுங்கள். பயப்படும் நேரத்தில் கால் தானாக பிரேக்கைத் தேடும். அந்த வேலையைக் கை தானாகச் செய்யும் நாள் வரும். எனக்கு அது பதினோராம் நாள் வந்தது. குறுக்கே ஒரு ஆடு ஓடியது. யோசிக்கும் முன்பே கை தள்ளியிருந்தது, வண்டி நின்றிருந்தது. அன்றுதான் அப்பாவின் வண்டி மறுபடியும் என் வண்டியானது.