மணமும் காவலும்

மதுரை மாநகருக்கு வடமேற்கே, வையையாற்றின் கரையில் அமைந்தது சோழவந்தான். நெல்வயல்களுக்கும் வெற்றிலைக் கொடிக்கால்களுக்கும் பெயர் பெற்ற ஊர் அது. அவ்வூர் வெற்றிலை 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. வெற்றிலையின் காரத்தோடு கலந்து வரும் மணத்திற்குக் காரணமான பொருள்களுள் ஒன்று யூஜினால் என்பது. ஆங்குள்ள ஜெனகை நாராயணப் பெருமாளுக்குச் சார்த்தும் துளசியிலும் அது உண்டு. வெற்றிலை மிளகின் இனம். துளசியோ புதினாவின் இனம். உறவில்லாத இரு செடிகள் ஒரே பொருளை ஆக்கிக்கொண்டமை வியப்பன்றோ!

புதினாக் குடும்பத்தை அறிதல் எளிது. தண்டை விரல்களிடையே உருட்டினால் நான்கு பட்டைகள் புலப்படும். இலைகள் எதிரெதிரே நிற்கும். பூ இரண்டு உதடுகளாகப் பிளந்திருக்கும். துளசி, கற்பூரவள்ளி, திருநீற்றுப்பச்சை, வரப்போரத்துத் தும்பை யாவும் இக்குடும்பத்தனவே.

கடலை எண்ணெயை நெடுநாள் திறந்து வைத்தால் சிக்கு நாற்றம் வீசும். காற்றிலுள்ள ஆக்சிஜன் செய்யும் வேலை அது. தாக்குண்ட கொழுப்பு மூலக்கூறு அமைதியிழந்து, அடுத்ததிடமிருந்து ஒரு ஹைட்ரஜன் அணுவைப் பறிக்கும். பறிகொடுத்தது மற்றொன்றினிடம் பறிக்கும். இவ்வாறு கேடு சங்கிலிபோல் தொடரும். யூஜினால் போன்ற பொருள்கள் தம் ஹைட்ரஜனைத் தாமே ஈந்து, ஈந்தபின்னும் பிறவற்றைத் தாக்காமல் அமைந்துவிடுகின்றன, சங்கிலி அறுபடுகிறது. நல்லெண்ணெய் எளிதில் கெடாதிருப்பதும் எள்ளிலேயே இத்தகைய காவலர் இருப்பதனாலேயே ஆகும்.

1958-இல் ஸ்கார்பாட்டி, ஓரியன்டே என்னும் இத்தாலிய வேதியியலார் இருவர், ரோஸ்மேரி இலையிலிருந்து ரோஸ்மாரினிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தனர். நீலகிரியிலும் பயிராகும் இச்செடி புதினாவின் உறவே. அவ்வமிலம் துளசியிலும் புதினாவிலும் உள்ளது. அதற்கு மணமில்லை, ஆயினும் காக்கும் ஆற்றல் மிகுதி. ஆதலின், மணக்கும் பொருளே காக்கும் பொருள் என்று கொள்ளுதல் பொருந்தாது. ரோஸ்மேரிச் சாற்றை உணவு கெடாதிருக்கச் சேர்ப்பதற்கு 2010-இல் ஐரோப்பிய ஒன்றியம் இசைவளித்தது.

எண்ணெயைக் காத்த இலை உடலையும் நோயினின்று காக்கும் என்று துணியலாமா? உண்ட பொருள் குடலிலும் கல்லீரலிலும் உருமாறும்; அதன் சிறு பங்கே மாறாமல் குருதியை அடையும். பின்லாந்து நாட்டில், புகைபிடிக்கும் ஆடவர் 29,000 பேருக்கு மேற்பட்டோரிடம் ஓர் ஆய்வு நடத்தி, 1994-இல் முடிவை வெளியிட்டனர். பீட்டா கரோட்டின் என்னும் காவற்பொருளை மாத்திரையாக உண்டவர்களிடையே நுரையீரற் புற்றுநோய் குறையவில்லை, மிகுந்தது!

சோழவந்தான் வெற்றிலைக்கும் இவ்வுண்மை பொருந்தும். பாக்கும் புகையிலையும் வாய்ப்புற்றை விளைப்பன. அவற்றோடு சேர்த்து மெல்லும்பொழுது வெற்றிலையிலுள்ள யூஜினால் அக்கேட்டைத் தடுத்துவிடுவதில்லை.