ரயிலில் டார்ச் அடித்தால்?

ஒன்பதாம் வகுப்புத் தம்பிகளே, போன வாரம் உங்களுக்கு ஒரு விடை தப்பாச் சொல்லிட்டேன்.

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஓடும் ரயிலில் பந்தை 20 கி.மீ. வேகத்தில் முன்னால் எறிந்தால், தரையில் நிற்பவருக்கு அது 80. இது சரி. டார்ச் அடித்தால்? "அதையும் கூட்டு"ன்னேன்.

பி.எஸ்சி. இயற்பியல் படிக்கும் அக்கா சிரித்துவிட்டாள். 1905-ல் ஐன்ஸ்டீன் சொன்னபடி, நின்று பார்த்தாலும் ஓடிப் பார்த்தாலும் ஒளிவேகம் நொடிக்குச் சுமார் 3 லட்சம் கி.மீ.தான். கல்லூரியில், இரு வேகங்களைக் கூட்டி, பிறகு வகுக்கவும் வேணுமாம். எதால்? இரண்டையும் பெருக்கி, ஒளிவேகத்தின் வர்க்கத்தால் வகுத்து, 1 கூட்டினால் வருவதால். பாதி ஒளிவேகம் இரண்டைப் போட்டேன். 1 ÷ 1.25 = 0.8. ஒளியை எட்டவேயில்லை!

"அப்போ நியூட்டன் தப்பா?"

"பந்துக்குப் போட்டுப் பாருடா."

கால்குலேட்டரில் அதே 80.

தம்பிகளே, டார்ச் விடையை மட்டும் நோட்டில் அடிச்சிடுங்க.

– பிளஸ் டூ மாணவன்