தரையில் ஒரு விமானம்

அமெரிக்க நாட்டின் பிங்காம்டன் நகரில், தந்தையாரின் இசைக்கருவித் தொழிற்சாலையில் பணி புரிந்தவர் எட்வின் லிங்க். ஆர்கனுக்குக் காற்றூட்டும் துருத்திகளைக் கொண்டே, தரையில் நின்றவாறு சாயவும் திரும்பவும் வல்லதொரு பயிற்சி விமானத்தை அவர் 1929ஆம் ஆண்டளவில் அமைத்தார். பலரும் அதனை விளையாட்டுப் பொருளாகவே கருதினர். 1934இல் அந்நாட்டுப் படை விமானிகள் அஞ்சல் சுமந்து பறக்கலாயினர். பனியிலும் முகிலிலும் சிக்கிப் பலர் மாண்டனர். முகிலினுள் உடல், 'நேரே செல்கின்றோம்' என்னும். கருவியோ, 'சாய்கின்றோம்' என்னும். உடலை நம்பினோர் வீழ்வர். அதன் பின்னரே படையினர் லிங்கின் பொறிகளை வாங்கினர்.

இன்று அத்தகைய பயிற்சி வீட்டுக் கணினியிலும் கிட்டும். 'ஃபிளைட்கியர்' என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைக்கின்றது. அதனை நிறுவுதல் எளிது. இயக்குகோலை நேர்செய்வதிலேதான் பொறுமை வேண்டும். கோலை நாற்புறமும் எல்லைவரை சாய்த்துக் காட்டி, பின் கையை எடுத்து, நடுநிலை இஃதெனக் கணினிக்கு உணர்த்துதல் வேண்டும். உணர்த்தாவிடின், கை படாதபோதும் விமானம் ஒருபுறம் சாயும். பழகுவோர் அதனைத் தம் பிழையென மயங்கி, கோலை மறுபுறம் அழுத்தியே பழகிவிடுவர். கோல் நேரானபின், முகில் சூழ்ந்த வானிலையைத் தேர்ந்து, கருவிகளை மட்டும் நோக்கி ஓட்டிப் பார்க்கலாம். ஆயினும், வீட்டு நாற்காலி சாய்வதில்லை. உடல் தரும் மயக்கத்தை அது காட்டாது. லிங்கின் பெட்டியோ, மூடியைக் கவிழ்த்த இருளில் உண்மையாகவே சாய்ந்தது.